மொராக்கோ போறவங்க கவனத்துக்கு

இளவேனிலுக்கு மொராக்கோன்னா ஒரு கிறுக்கு. போனதும் கெடையாது, போய்ட்டு வந்த ஒரு ஆளக்கூடத் தெரியாது. விழுப்புரத்துல பஸ் ஏறி, சென்னையில ஃப்ளைட் ஏறி, அஜ்மான் கேம்ப்ல வந்து பொட்டிய வெச்சவன். அதுக்கப்புறம் அவன் பாத்த தூர தேசம்னா ஷார்ஜாவும் துபாயும்தான். ஆனா ரூம்ல மேல் பெட்டுல படுத்துக்கிட்டு அவன் பாக்குற வீடியோ பூரா மொராக்கோ. ஊரு மொத்தத்துக்கும் நீலக் கலர் அடிச்சு வெச்சிருக்கற எடம், தோலுக்குச் சாயம் ஏத்துற தொட்டிங்க, மணல் மேடு, அதுக்குப் பின்னாடியே பனி மலை. கீழ் பெட்டுல இருக்கற ஜெயமணி "டேய், அந்த ஒட்டகத்த ஆஃப் பண்ணுடா, மனுசன் தூங்கணும்"னு கத்துற வரைக்கும் ஓடும்.

ஆமா, இளவேனில் ஆம்பளப் பையன்தான். பேரப் பாத்துட்டு விசாவுல ஃபீமேல்னு அடிச்சு அனுப்பி, அதத் திருத்துறதுக்குள்ள தாவு தீந்துருச்சு. ஸ்டீல் ஷெட் செஞ்சு நிறுத்துற கம்பெனியில டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை. புது டிராயிங் வந்தா பழசத் திரும்ப வாங்கிட்டு புதுச சைட்டுக்கு அனுப்பணும். உக்காந்த எடத்துல உக்காந்திருக்கணும். அவனுக்கு அதுதான் வராது.

ஒரு புதன்கிழமை எச்.ஆர். ஸ்ரீகாந்த் கூப்ட்டு விட்டாரு. நங்கநல்லூர்க்காரரு, ஷார்ஜாவுல குடும்பத்தோட இருக்காரு. நல்ல மனுசன்தான், ஆனா எப்பவும் யாரோ துரத்துற மாதிரியே பேசுவாரு.

"இளா, கதவ சாத்து. மொராக்கோல நமக்கு ஒரு ஜாப் வந்திருக்கு. டான்ஜியர். வேர்ஹவுஸ் எரெக்‌ஷன், அஞ்சு மாசம்."

இளவேனிலுக்குக் காது ரெண்டும் கொதிச்சிருச்சு.

"எட்டு பேர் வேணும். வெல்டர், ரிக்கர், ஸ்கஃபோல்டர். நம்மாளுங்கதான் வேணும்னு கிளையன்ட் ஒத்தக் கால்ல நிக்கறான். இவனுங்க என்னடான்னா ஆப்பிரிக்கான்னு சொன்ன ஒடனே சிங்கம் கடிச்சிரும்ங்கறானுங்க. ஃபோர்ஸ் பண்ணி அனுப்ப முடியாது, சைன் வேணும். நீதான் அந்த நாட்டப் பத்தி எந்நேரமும் உயிர வாங்குவியாமே. ஞாயித்துக்கிழமை போய் ஒரு ப்ரீஃபிங் குடு. டூரிஸ்ட்டுக்குச் சொல்லுவாங்கல்ல, பேசிக் ஃபேக்ட்ஸ், அந்த மாதிரி."

"குடுக்கறேன் சார்."

"எட்டு பேரு வந்தா ஒம்போதாவது ஆள் நீ. சைட் டாக்குமென்ட்ஸ் பாக்க ஒருத்தர் வேணும். வரலன்னா நீயும் இல்ல. ஓகேவா?"

ஓகேவாவா! வெளிய வந்தவன் படியில எறங்கல, பறந்தான்.

மூணு நாளும் சோறு எறங்கல. பயணிகளுக்குன்னு நெட்டுல யார் யாரோ எழுதி வெச்சிருக்கறத எல்லாம் மேஞ்சான். தலைநகரம், மொழி, வானிலை, கரன்ட் ப்ளக், டிப்ஸ் எவ்ளோ, போலீஸ் நம்பர் எதுன்னு ஒண்ணு விடாம தமிழ்ல மாத்தி, படம் ஒட்டி, பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஸ் ஹால். கோழிக் கொழம்பு வாசம் இன்னும் போகல. செவுத்து டிவியில செகப்புக் கொடி, நடுவுல பச்ச நட்சத்திரம். முப்பது பேரு உக்காந்திருந்தாங்க. பாதிப் பேரு ஏசிக்கு வந்தவங்க. முன் பெஞ்சுல, பாரம் கட்டித் தூக்குற ரிக்கருங்களுக்கு ஃபோர்மேன் வீரபாண்டி, செவகங்கைப் பக்கம், மீசையே ஒரு கிலோ இருக்கும். பக்கத்துல ஜெயமணி, சாரம் கட்டுற ஸ்கஃபோல்டர், வாயி சும்மா இருக்காது. கடைசியில செவுத்துல சாஞ்சுக்கிட்டு வெல்டர் கார்மேகம், கமுதிக்காரரு. வாயத் தொறந்து பேசி யாரும் அதிகமாக் கேட்டதில்ல.

"அண்ணே எல்லாருக்கும் வணக்கம். மொராக்கோ, வட ஆப்பிரிக்காவுல மேற்கு ஓரம். தலைநகரம் கசபிளாங்கா இல்ல, நெறையப் பேரு அப்பிடித்தான் நெனைப்பாங்க. ரபாத்."

"தலைநகரம் எதா வேணாலும் இருந்துட்டுப் போகுது" ஜெயமணி. "மெஸ்சு எங்க இருக்கு?"

"சைட்டுக்குப் பக்கத்துலயே ஏற்பாடு பண்ணுவாங்கண்ணே. அங்கயும் ராஜா ஆட்சிதான். காசும் திர்ஹாம்தான், ஆனா இந்தத் திர்ஹாம் அங்க செல்லாது, மாத்தணும். நம்ம ஒண்ணுக்கு அங்க ரெண்டரை பக்கம் கெடைக்கும். மிச்சம் இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடியே மாத்திருங்க, அத நாட்ட விட்டு வெளிய கொண்டு போறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு."

"பாஷை?" வீரபாண்டி கேட்டாரு.

"அரபி, அமாசிக், அப்புறம் பிரெஞ்சு."

"அரபின்னா கவலயில்ல. யல்லா, கலாஸ், மாஃபி, இந்த மூணையும் வச்சே பதினேழு வருசம் ஓட்டியிருக்கேன்ல."

"அது வேற அரபிண்ணே. இல்லன்னு சொல்லணும்னா அங்க மாஃபி இல்ல. மாகாய்ன்ஷ்."

"என்னப்பா, சளி புடிச்சிருக்கா?"ன்னாரு ஜெயமணி. ஹாலே சிரிச்சிருச்சு.

இளவேனில் அசரல. அடுத்த படத்த மாத்துனான். மரம், மரத்து மேல ஆடு. ஒண்ணு ரெண்டு இல்ல, காக்கா ஒக்காந்த மாதிரி கெளைக்குக் கெளை ஆடு. அந்தப் பக்கம் ஆர்கன்னு ஒரு மரம், பழத்துக்காக ஆடு மேலேயே ஏறிரும்னு சொன்னான். யாரும் நம்பல. "கம்ப்யூட்டர்ல செஞ்சதுடா"ன்னு ஒருத்தரு. பின்னாடி இருந்து கார்மேகம் மட்டும் எந்திரிச்சு வந்து, டிவிக்குக் கிட்ட நின்னு நல்லாப் பாத்துட்டு, "வெள்ளாடுதான். ஏறும்"னுட்டு மறுபடியும் போயி சாஞ்சுக்கிட்டாரு.

பனி பெய்யுற மலை, டான்ஜியர்ல குளிர் காலத்துல மழை, இங்க மாதிரி மூணு கட்ட ப்ளக் கெடையாது, ஊர்ல இருந்து கொண்டாந்த ரெண்டு முள்ளு சார்ஜரே அங்க சேரும், வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ், டீயில புதினாவும் கொள்ளச் சக்கரையும். சொல்லிக்கிட்டே போனான். தல ஆட்டுனாங்களே ஒழிய ஒருத்தரும் பேரு குடுக்கல.

"வாட்ஸ்அப் கால் போகும்ணே"ன்னான். "வீடியோ கால் சேத்து."

இங்க அது போகாதுல்ல. நாலஞ்சு பேரு நிமுந்து உக்காந்தாங்க. ஜெயமணி மூஞ்சி மட்டும் சுருங்கிப் போச்சு.

"தம்பி, அத வெளிய சொல்லாத. இங்க கால் போகாதுன்னு சொல்லித்தான் எம்பொண்டாட்டிகிட்ட பொழச்சுக் கெடக்கேன்."

"வேற ஆப்ல பேசலாமேண்ணே?"

"அது அவளுக்குத் தெரியாதுப்பா! நீ போயி சொல்லிக் குடு!"

"பயப்படாதீங்க. நம்ம ஊருக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. நீங்க டியூட்டி முடிச்சு வர்றப்ப அவங்க தூங்கியிருப்பாங்க."

"அப்ப சரி. எம்பேர எழுதிக்க."

இன்னும் ரெண்டு பேரு கை தூக்குனாங்க. நோன்பு மாசத்துல நாடு மொத்தமும் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சுக்கும்னு சொன்னதுக்கு வீரபாண்டி, "டியூட்டி நேரத்தக் கொறைப்பாய்ங்க, தெரியும். கடிகாரத்தையேவா?"ன்னு அதுலயே கொஞ்ச நேரம் நின்னாரு. ஆனா பேரு குடுக்கல.

மூணே பேரு. இளவேனிலுக்கு வேர்த்துச்சு. அடுத்த படம் டான்ஜியர் கடற்கரை.

"டான்ஜியர்ல நின்னா எதுத்தாப்ல ஸ்பெயின் தெரியும்ணே. நடுவுல கொஞ்சூண்டு கடல்தான்."

ம்ஹூம். கொட்டாவி. கடைசிப் பக்கம் வந்துருச்சு, பாதுகாப்புக் குறிப்புன்னு தலைப்பு. வேகமாப் படிச்சுட்டு முடிச்சுரலாம்னு ஆரம்பிச்சான்.

"பர்ஸ பின் பாக்கெட்ல வெக்காதீங்க. பைப் தண்ணி வேணாம், பாட்டில் வாங்குங்க. போலீஸ் கேட்டாக் காட்டணும், அதனால வெளிய போறப்ப பாஸ்போர்ட்டக் கூடவே வெச்சுக்கங்க. அப்புறம், டாக்ஸியில மீட்டர் போடச் சொல்லி..."

"நில்லு" வீரபாண்டி. "அதுக்கு முன்னாடி என்ன சொன்ன?"

"பாட்டில் தண்ணி."

"அதுக்குப் பொறகு."

"பாஸ்போர்ட்டக் கூடவே வெச்சுக்கணும்."

"யாரு?"

"நாமதாண்ணே. அவங்கவங்க பாஸ்போர்ட்ட அவங்கவங்க."

அந்தப் பக்கம் சட்டி கழுவிக்கிட்டிருந்தவரு கூட கொழாய மூடிட்டாரு.

இங்க வந்து எறங்குன அன்னைக்கு ஆபீஸ்ல வாங்கி லாக்கர்ல வெப்பாங்க. பத்திரமா இருக்கட்டும்பாங்க. கம்பெனி அப்பிடி வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா கேட்டா "எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும், அதுக்குப் பதில் சொல்லணும். அதனால யாரும் கேக்கறதில்ல. லீவுக்குப் போறப்ப ஏர்போர்ட்ல கைக்கு வரும். திரும்பி வந்தா மறுபடி லாக்கர். கார்மேகத்தோட அப்பா செத்தது ஒரு லீவு நாள்ல. அப்ப லாக்கர் சாவி வெச்சிருந்த, விசா வேலைக்கு அலையற பி.ஆர்.ஓ. அன்னைக்கு ஓமன்ல இருந்தாரு. சாவி வந்து, பாஸ்போர்ட் வந்து, டிக்கெட் போடறதுக்குள்ள ஊர்ல எல்லாம் முடிஞ்சிருச்சு. மச்சினன் அனுப்புன வீடியோவுலதான் பாத்தாரு.

அந்தக் கார்மேகம் பின்னாடி இருந்து கையத் தூக்குனாரு.

"என் பேரு போடு தம்பி."

அப்புறம் வீரபாண்டி. அப்புறம் நாலு பேரு ஒண்ணா. டீ வர்றதுக்குள்ள பதினோரு பேரு. எட்டு பேர எடுத்துக்கிட்டு மூணு பேர வெயிட்டிங்ல போட வேண்டியதாப் போச்சு. இளவேனில் அன்னைக்கு ராத்திரி வீடியோ பாக்கல. இனிமே நேர்லயே பாத்துக்கலாம்னு இருந்தான்.

திங்கக்கிழமை காலையில ஸ்ரீகாந்துக்கு சந்தோசம் தாங்கல. ஸ்வீட் டப்பாவ நீட்டுனாரு.

"எப்படிடா புடிச்ச? நான் ஒரு வாரமாக் கெஞ்சறேன்."

"பாஸ்போர்ட் கையில இருக்கும்னு சொன்னேன் சார். அதுக்குத்தான் விழுந்தாங்க."

ஸ்ரீகாந்த் மெல்றத நிறுத்திட்டாரு.

"யாரு சொன்னா கையில இருக்கும்னு?"

"அங்க ஐடி கூடவே வெச்சிருக்கணும் சார். நெட்டுல எல்லா எடத்துலயும் போட்டிருக்கான்."

"அது டூரிஸ்ட்டுக்குடா! நம்ம பசங்களுக்கு ஜெராக்ஸ் குடுப்போம். ஒரிஜினல் சைட் மேனேஜர்கிட்ட இருக்கும். இங்க பாரு, டான்ஜியர்ல நின்னா எதுத்தாப்ல ஸ்பெயின். எட்டு பேரு கையில பாஸ்போர்ட்டோட நிப்பானுங்க. ஒருத்தன் படகு ஏறிட்டான்னா கிளையன்ட்டுக்கு நீ பதில் சொல்லுவியா? ஒருத்தன் தொலைச்சுட்டான்னா எம்பஸிக்கு யாரு அலையறது? நான்தானே?"

இளவேனிலுக்கு வாயில ஸ்வீட்டு. கன்னத்துல ஒதுக்கிக்கிட்டான்.

"அப்ப அவங்ககிட்ட மாத்திச் சொல்லிரட்டுமா சார்?"

"லூசா நீ? ஒண்ணும் சொல்ல வேணாம். வியாழக்கிழமை சைன் பண்ணட்டும். அங்க போனதுக்கப்புறம் மேனேஜர் பாத்துப்பாரு. உன் வேல டிராயிங். போ."

போனான். டிராயிங்க எடுத்தான், வெச்சான். ரெண்டு நாளு எந்த டிராயிங் பழசு எது புதுசுன்னே புரியல. பழச சைட்டுக்கு அனுப்பி சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான். சொன்னா பேர எடுத்துருவாங்க. எட்டு பேர் இல்லன்னா மொராக்கோ இல்ல. சொல்லலன்னா நீலக் கலர் ஊரப் பாக்கலாம், கூடவே அஞ்சு மாசம் கார்மேகம் மூஞ்சியையும் பாக்கணும். என்ன, அவரு திட்டக் கூட மாட்டாரு. அதுதான் பெரிய தொல்ல.

ரூம்ல ஜெயமணி வேற, லாண்டரிக்குப் போற சட்டைய எல்லாம் பெட்டுல போட்டு ஒவ்வொண்ணா உள்பாக்கெட் இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டிருந்தாரு. "இது பத்தாது. பேன்ட்டு உள்ளார டைலர்கிட்ட குடுத்து ஒரு பை வெக்கணும். ஜிப்போட."

புதன்கிழமை சாயங்காலம், மெஸ்ல தட்டு எடுக்க வரிசையில ஜெயமணி, வீரபாண்டிக்குப் பின்னாடி நிக்கறப்ப இளவேனில் பட்டுன்னு சொல்லிட்டான்.

"அண்ணே, பாஸ்போர்ட் கையில தர மாட்டாங்களாம். ஜெராக்ஸ்தானாம். அங்க மேனேஜர் வாங்கி வெச்சுக்குவாராம்."

ஜெயமணி தட்டக் கீழ வெச்சாரு. "மாகாய்ன்ஷா?"

"மாகாய்ன்ஷ்ணே."

"அடப்பாவி! டைலருக்கு துணியே குடுத்துட்டேன்டா!"

"நீ அன்னைக்கே தெரிஞ்சுதான் சொன்னியா?" வீரபாண்டி கேட்டாரு. மீசை அசையவே இல்ல.

"சத்தியமா இல்லண்ணே. திங்கக்கிழமைதான் சார் சொன்னாரு. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு."

"சொன்னா உன் பயணமும் போயிரும்ல?"

"ஆமாண்ணே."

வீரபாண்டி போன எடுத்து ஸ்ரீகாந்துக்கு அடிச்சு, ஸ்பீக்கர்ல போட்டு, ஊறுகா பாட்டில் மேல சாச்சு வெச்சாரு. எட்டு பேரும் சுத்தி வந்துட்டாங்க.

"சார், வீரபாண்டி பேசுறேன். நாளைக்கு கையெழுத்துப் போட வர்றோம். பாஸ்போர்ட்டு எங்க கையில இருக்கும்னு அந்தப் பேப்பர்லயே போட்டுருங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டுச்சு, கொறைஞ்சுச்சு. "இப்ப எதுக்கு அது? யாரு உங்களுக்கு என்ன சொன்னது?"

எல்லாரும் இளவேனிலப் பாத்தாங்க. ஜெயமணி போன் பக்கம் குனிஞ்சாரு. "நெட்டுல வெள்ளக்காரன் எழுதியிருக்கான் சார்."

"ஜெயமணி, வெளாடாதீங்க. யாரு சொன்னது?"

சும்மா இருக்கறதுதான் இளவேனிலுக்கு வராதே.

"நான்தான் சார்."

ஸ்ரீகாந்த் மெதுவா, "தாங்க்ஸ் இளா"ன்னாரு. அவரு கத்தியிருந்தாக் கூட பரவால்ல.

"சார்" வீரபாண்டி. "நாங்க ஸ்பெயினுக்கு நீந்திப் போற வயசுல இல்ல. போட்டுக் குடுத்தா வர்றோம். இல்லன்னா இங்கனயே இருந்துக்கிறோம், ஒண்ணும் கொறைஞ்சு போகல. உங்க இஷ்டம்."

கட் பண்ணிட்டு, தட்டெடுத்து, சாம்பார ஊத்திக்கிட்டாரு.

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆபீஸ்ல கதவு சாத்தியே இருந்துச்சு. கிளையன்ட்கிட்ட இருந்து ரெண்டு தடவ போன் வந்துச்சுன்னு அட்மின் ஷியாமளா சொன்னாங்க. மூணு மணிக்கு பேப்பர் வந்துச்சு. பாஸ்போர்ட் அவங்கவங்க பொறுப்புல, தொலைச்சா அவங்கவங்க செலவுலன்னு ஒரு வரி சேத்திருந்தாங்க. எட்டு பேரும் அந்த வரிய இன்னொரு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு கையெழுத்துப் போட்டாங்க.

ஒம்போதாவது பேரு ஃபவாஸ். துபாய் ஆபீஸ்ல டிராயிங் பாக்கற கண்ணூர்ப் பையன். ஸ்ரீகாந்த் பேப்பர நகத்தி வெச்சாரு, அவ்ளோதான்.

விசா வர ஒரு மாசம் ஆச்சு. கெளம்புற அன்னைக்கு கம்பெனி பஸ்ல ஏர்போர்ட் வரைக்கும் கூடப் போயி, பாஸ்போர்ட்டப் பேரக் கூப்ட்டுக் குடுத்துட்டு வரணும்னு இளவேனில்கிட்டயே விட்டாங்க. தண்டனையா, வேற ஆள் இல்லியான்னு தெரியல.

டிபார்ச்சர் வாசல்ல, டிராலிங்களுக்கு நடுவுல, ஒரு பிளாஸ்டிக் பையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தான். ஜெயமணி ஃபோட்டோவப் பாத்துட்டு, "யார்றா இவன், திருட்டுப் பய மாதிரி இருக்கான்"னு பேன்ட்டுக்குள்ள கைய விட்டு, ஜிப்பத் தொறந்து, போட்டு, மூடி, தட்டிப் பாத்துக்கிட்டாரு. வீரபாண்டிக்கு எதுல வெக்கறதுன்னே தெரியல. சட்டப் பாக்கெட்டு, அப்புறம் கைப்பை, அப்புறம் மறுபடியும் சட்டப் பாக்கெட்டு. கார்மேகம் எதுலயும் வெக்கல. கையிலயே புடிச்சுக்கிட்டாரு.

"தம்பி, அந்த மரத்து ஆடு, நாங்க போற ஊருப் பக்கம் இருக்குமா?"

"இல்லண்ணே, அது தெக்கால. ரொம்ப தூரம்."

"பாத்தா ஃபோட்டோ போடுறேன்."

ஃபவாஸ் வீல் பேக இழுத்துக்கிட்டு லேட்டா வந்து சேந்தான். காதுல ஹெட்செட்டு. "இளா பாய், மொராக்கோ கேபிடல் கசபிளாங்காதானே? வீட்ல கேட்டாங்க."

"ரபாத்."

"அப்படியா? ஸ்பெல்லிங்?"

இளவேனில் சொன்னான். வேற என்ன பண்ண? ரெண்டு முள்ளு சார்ஜர் எடுத்துக்கிட்டியான்னும் கேட்டான். இல்லன்னான். பாக்கெட்ல இருந்த தன்னோடத எடுத்துக் குடுத்தான்.

எல்லாரும் உள்ள போனாங்க. கண்ணாடிக் கதவு தொறந்து மூடி தொறந்து மூடிக்கிட்டே இருந்துச்சு. பஸ்ல ஒத்த ஆளாத் திரும்புனான். ஷார்ஜா ரோட்டுல டிராஃபிக். கையில காலிப் பிளாஸ்டிக் பை. அதையே பாத்துக்கிட்டு வந்தான். அஜ்மான் வந்ததும் டிரைவர் கேம்ப் பக்கம் திருப்பப் போனாரு. "ஆபீஸ்ல எறக்கி விட்ருங்க பாய்"னு எந்திரிச்சு நின்னுக்கிட்டான்.

ஸ்ரீகாந்த் லேப்டாப்ப மூடிக்கிட்டிருந்தாரு. பக்கத்து டேபிள்ல ஷியாமளா என்னமோ டைப் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

"எல்லாரும் போயாச்சா இளா?"

"போயாச்சு சார். சார், என் பாஸ்போர்ட் வேணும்."

"லீவா?"

"இல்ல சார்."

"வேற கம்பெனி பாக்கறியா? கோவத்துலயா?"

"இல்ல சார். ஒரு எடமும் போகல."

"அப்புறம் எதுக்கு?"

"வெச்சுக்கத்தான் சார்."

ஸ்ரீகாந்த் என்னமோ சொல்ல வந்தாரு. அஞ்சு வாரம் முன்னாடி சொன்ன அதே தொலைச்சா யாரு, ஓடிப் போனா யாரு, எல்லாம் வாய் வரைக்கும் வந்த மாதிரி இருந்துச்சு. சொல்லல. டிராயரத் தொறந்து சாவிய எடுத்து ஷியாமளா டேபிள் மேல வீசுனாரு.

"எடுத்துக் குடுத்துத் தொலைங்க. எனக்கு ட்ராஃபிக் ஆரம்பிச்சிரும்."

ஷியாமளா லாக்கரத் தொறந்தாங்க. நாலஞ்சு அட்டப் பெட்டி, பேரு வாரியா அடுக்கி. இ-யில இருந்து இளவேனிலோடத எடுத்து நீட்டுனாங்க. அவன் வாங்கி, முதல் பக்கத்தப் பாத்து, அந்தத் திருத்துன விசா முத்திரைய எல்லாம் ஒரு தடவ தடவிட்டு, சட்டப் பாக்கெட்ல வெச்சான். பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஷியாமளா லாக்கர மூடல.

"ஸ்ரீகாந்த் சார்"னாங்க. "தொறந்ததுதான் தொறந்தாச்சு. என்னோடதையும் எடுத்துக்கட்டுமா?"